எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை

கீலுங்,
14 ஜூலை 2022

அன்புள்ள வான்-யூ அவர்களுக்கு,

தெற்கே வெயில் கொளுத்துகிறது என்று செய்தியில் பார்த்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எங்கள் ஊருக்கு எப்போதும் உள்ள மழைதான்.

வருடத்துக்கு ஒரு முறை, புத்தாண்டு கழிந்த பிறகு வருகிற கடிதம் இப்படி நடு ஜூலையில் வந்தால் நெஞ்சு பதறும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லான்லான் நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது என் எதிரில் உட்கார்ந்து தர்பூசணி தின்கிறாள், விதைகளை என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் நீச்சல் வகுப்பில் அவள் பாதி தூரம் போய் நின்றுவிட்டாள். கத்தவில்லை, கைகால் உதறவில்லை. விளக்கை அணைத்த மாதிரி. பயிற்சியாளர் குதித்துத் தூக்கினார். கரையில் போட்டதும் கண் திறந்து, "என் மூக்குக் கிளிப் எங்கே?" என்று கேட்டாளாம்.

அவசரப் பிரிவு வாசலில் காவலாளி, நோயாளிக்கு ஒருவர்தான் துணை, யார் அம்மா என்றார். நான்தான் என்றேன். அந்த நேரம் பார்த்து லான்லான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மம்மி, அம்மா எப்ப வருவாங்க?" என்று அழுதாள். காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அம்மான்னீங்க?"

"நான் மம்மி. அவங்க அம்மா கப்பல்ல இருக்காங்க."

"அப்ப நீங்க யாரு, சித்தியா?"

மழையில் நனைந்தபடி என்ன விளக்குவது? சித்தி என்று சொல்லி உள்ளே போனேன்.

உங்களுக்கும் என்னைத் தெரிந்திருக்காது. நீங்கள் பெற்ற லான்லானைத் தத்தெடுத்தவள் ரூ-பிங். மாட்சு தீவுக்குப் போகும் கப்பலில் எஞ்சின் பார்ப்பவள். நான் பெய்-லின், இங்கே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அவளும் நானும் பன்னிரண்டு வருடமாக ஒரே வீடு. பெண்ணும் பெண்ணும் மணக்கலாம் என்று சட்டம் வந்ததும் திருமணம் பதிந்துகொண்டோம். சட்டப்படி நான் ரூ-பிங்குக்கு மனைவி, ஆனால் அவள் தத்தெடுத்த பிள்ளையை நானும் தத்தெடுக்க முடியாது என்பதால் லான்லானுக்கு யாருமில்லை. ஆனால் பல் தேய்க்க வைப்பதும் திட்டு வாங்குவதும் நான்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரூ-பிங் திரும்பியதும் இருவரும் இதய மருத்துவரிடம் போனோம். ஈ.சி.ஜி.யில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஏதோ கொஞ்சம் நீளமாம். நோய் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றார். "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? அடிக்கடி மயக்கம் போட்டு விழறவங்க?"

ரூ-பிங் யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டுல யாருக்கும் இல்லைங்க. எல்லாரும் தொண்ணூறு தாண்டினவங்க."

நானும் விடுவேனா? "எங்க அப்பா வழியிலயும் இல்ல. கொஞ்சம் சர்க்கரை உண்டு."

மருத்துவர் எழுதிக்கொண்டார். அப்படியானால் மருந்து வேண்டாம், பள்ளி திறந்ததும் வழக்கம்போல நீந்தட்டும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். வாசல் வரை வந்து, குடையை விரிக்கும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் சொன்னதில் ஒரு எழுத்துகூட அவள் உடம்பைப் பற்றியது இல்லை. அம்மா என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இத்தனை வருடம் பழகியதில், யாராவது குடும்பம் என்றாலே வாய் முந்திவிடுகிறது.

திரும்பப் போய்ச் சொல்லிவிட்டோம். சரியான பதில் கிடைக்கும்வரை தண்ணீர் பக்கம் விட வேண்டாம் என்றார். அந்தப் பதில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இதயத்தில் ஏதாவது இருந்ததா? தொந்தரவு என்று தெரியும். தயவுசெய்து தத்து மையத்தின் யாங் அக்கா மூலம் இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
சுவாங் பெய்-லின்


தைனான்,
24 ஜூலை 2022

பெய்-லின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கடைக்கு வந்தது. பழைய புத்தகக் கடை என்பதால் உறைகள் வந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்று படித்தேன். நடுவில் ஒருவர் ஒரு சமையல் புத்தகம் வாங்கினார், மீதிச் சில்லறையை நான் அதிகமாகக் கொடுத்துவிட்டேன்.

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. குறை சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. மணமாகாத ஒரு பெண் என்றார்கள். கூடவே ஒரு தோழி தங்கியிருக்கிறார் என்றும் சொன்னதாக நினைவு. வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் தோழி என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடமாக நான் மனதில் வைத்திருந்தது, ஒற்றையாக உட்கார்ந்து சோறு சாப்பிடும் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும். அந்தப் பெண்ணுக்காகச் சில நாட்கள் வருத்தப்பட்டும் இருக்கிறேன். இப்போது அந்த வருத்தத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

புத்தாண்டுக் கடிதங்களில் கீழே "அம்மா" என்று இருக்குமே, அது நீங்களா அவரா? எழுத்து உங்களுடையது. ஆனால் ஒன்றில் எண்ணெய்க் கறை இருந்தது.

கேட்டதற்குப் பதில்: எங்கள் வீட்டில் யாருக்கும் இதய நோய் இல்லை. அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "நெஞ்சுவலியா? நம்ம வீட்டுலயா? யாருக்கும் இல்ல. ஏன், உனக்கு என்ன?" என்றாள். எனக்கு ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அப்பாவின் பக்கமும் இல்லை. லான்லானின் அப்பா வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அவர்கள் பன்றி வளர்க்கிறார்கள் என்பது மட்டும்.

உதவாத பதில்தான். மன்னியுங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லட்டுமா? வருகிற வெள்ளிக்கிழமை, பேய்கள் நடமாடும் சந்திர ஏழாம் மாதம் பிறக்கிறது. மருத்துவர் என்ன சொன்னாலும் அந்த மாதத்தில் அவளைக் குளத்துக்கோ கடலுக்கோ கூட்டிப் போகாதீர்கள். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், ஆனால் எங்கள் வீட்டில் கொஞ்சம் அதிகம். என் சின்ன மாமா துறைமுகத்திலேயே நீச்சலில் கெட்டிக்காரர். பதினேழு வயதில், அமைதியான தண்ணீரில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அதற்கு முன்பு பெரியம்மா ஒருத்தி, சிறுமியாக இருந்தபோது மீன் குட்டையில். முன்பு மூழ்கியவன் தனக்கு மாற்றாக ஒருவரை இழுத்துவிட்டுத்தான் மறுபிறவி எடுப்பான் இல்லையா, எங்கள் வீட்டைத் தண்ணீர் அடையாளம் வைத்திருக்கிறது என்று எங்கள் ஊர் துங்காங்கில் பேசிக்கொள்வார்கள். எனக்கு இதில் எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் நான் நீந்தக் கற்றுக்கொண்டதில்லை.

வான்-யூ


கீலுங்,
9 ஆகஸ்ட் 2022

அன்புள்ள வான்-யூ,

எண்ணெய்க் கறை ரூ-பிங்குடையது. அவள் கப்பலில் இருந்து தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்து, "இப்படியா சொன்னேன், என்ன இவ்வளவு அழகா இருக்கு" என்று திட்டுவாள். அதனால் "அம்மா" யார் என்ற கேள்விக்கு உண்மையான பதில் எங்களுக்கும் தெரியாது.

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது "இல்லை" என்ற சொல்லைப் பார்த்து நிம்மதியாகிவிட்டேன். கடைசிப் பத்தி என்னை உருக்கியது, ஆனால் அவ்வளவுதான். எங்கள் ஊரிலும் ஏழாம் மாதம் அப்படித்தானே. ரூ-பிங்குக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். எஞ்சின் சத்தத்தில் பாதி காதில் விழாது அவளுக்கு.

"நில்லு, நில்லு. அந்த மாமா எப்படிச் செத்தாரு?"

"நீர்ப்பேய் இழுத்துட்டுப் போச்சாம்."

"பேயி கெடக்குது. எப்படிச் செத்தாருன்னு இருக்கு? கத்தினாரா?"

"எல்லாரும் பாத்துட்டே இருக்கும்போது, அமைதியா..."

சொல்லும்போதே என் வாய் நின்றுவிட்டது. விளக்கை அணைத்த மாதிரி என்று உங்களுக்கு எழுதியவளே நான்தான்.

மறுநாள் காலை மருத்துவரிடம் ஓடினேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் எழுதவே இல்லை. பிறகு சொன்னார்: "தண்ணியில போனவங்க, ஒரே வீட்டுல, ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் நல்லா நீந்தறவர். இதை ஏன் முதல்லயே சொல்லல?" நாங்கள் இதயத்தைப் பற்றிக் கேட்டோம், அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் தண்ணீர் என்றேன். நீந்தும்போது, ஓடும்போது துடிப்பு தடுமாறி நின்றுபோகும் ஒரு நோய் இருக்கிறதாம். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது. மாத்திரையால் அடக்கி வைக்கலாம்.

அன்றே மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். கவுண்டரில் என் கையெழுத்துச் செல்லாது என்றார்கள்.

"சட்டப்படி பெத்தவங்க போடணும்."

"பெத்தவங்க தைனான்ல இருக்காங்க."

"அப்ப அவங்களை வரச் சொல்லுங்க."

"அவங்களும் போட முடியாது. தத்தெடுத்தவங்க போடணும், அவங்க மாட்சுல மாட்டிட்டிருக்காங்க. கடல் சரியில்ல."

"அப்ப நீங்க?"

"நான் சித்தி."

அந்தப் பெண் பாவம், எழுந்து போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, மறுபடியும் அதையே சொன்னாள். ரூ-பிங் கரை சேரும்வரை லான்லானைச் சோபாவை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டேன். ஓடாதே, குதிக்காதே, சிரிக்கிறபோதுகூட மெல்லச் சிரி என்றேன். "மம்மி, அழலாமா?" என்று கேட்டாள். 

இப்போது ரத்தம் கொடுத்தாகிவிட்டது. மருத்துவர் உங்களைப் பற்றி ஒன்றுதான் கேட்டார்: நீங்கள் எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். இது எங்களுக்காக அல்ல, உங்களுக்காக. தயவுசெய்து.

நாளை மறுநாள் இங்கே மூழ்கியவர்களுக்காகக் கடலில் நீர் விளக்குகள் விடுவார்கள். இந்த வருடம் லான்லானுக்குத் தொலைக்காட்சியில்தான்.

அன்புடன்,
பெய்-லின்


தைனான்,
23 ஆகஸ்ட் 2022

பெய்-லின் அக்காவுக்கு,

என் மாமாவைப் பற்றி நான் உங்களுக்கு எழுதினேன். அதை நீங்கள் மருத்துவரிடம் கொடுத்துவிட்டீர்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்று புரிகிறது. புரிந்தும் கோபம் வருகிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே இரண்டு வாரம் போய்விட்டது.

அம்மாவிடம் மறுபடி கேட்டேன். தவறு. ஏழாம் மாதத்தில் அதைப் பேசியிருக்கக் கூடாது.

"சின்ன மாமா எப்படிம்மா மூழ்கினாரு?"

"எந்த மாசத்துல எதைக் கேக்கற நீ? வாயைக் கழுவு."

"பேய் இல்லம்மா, நெஞ்சா இருக்கலாம்ங்கறாங்க. குடும்பத்துலயே வர்றதாம்."

அதற்கு அம்மா சொன்னாள்: "பேயின்னா யாரு மேலயும் குத்தமில்ல. நெஞ்சுன்னா அவனைக் காப்பாத்தியிருக்கலாம். இல்ல? நெஞ்சுன்னா அது எங்க அம்மா வயித்துல இருந்து வந்தது, என் வயித்துல இருந்து உனக்கு வந்தது. யாரு சொன்னா இதை? அந்தப் புள்ள விஷயமா ஏதாவது பேசறியா நீ?"

அந்தப் பிள்ளை. எங்கள் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அதுவும் ஐந்து வருடத்தில் முதல் முறை.

கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். பதின்மூன்று வயதில் பள்ளி விளையாட்டு நாளில் ஓடும்போது விழுந்தேன். அம்மா என் சட்டையைக் கோயிலுக்கு எடுத்துப் போய், ஊதுபத்தி சுற்றி, போன உயிரை அழைத்து வந்தாள். அதற்குப் பிறகு ஓடியதில்லை, விழுந்ததுமில்லை. கோயில் குணப்படுத்தியதாகத்தான் நினைத்திருந்தேன்.

ஈ.சி.ஜி. எடுக்க மாட்டேன். பயத்தால் இல்லை, அல்லது வேறு விதமான பயம். என்னுடையது எதுவும் ஒட்டக் கூடாது என்றுதான் அவளைக் கொடுத்தேன். என் வறுமை, என் ஊர், என் முட்டாள்தனம் எதுவும். எடுத்துப் பார்த்து அந்தக் கோடு எனக்கும் நீளம் என்று வந்தால், நான் அவளுக்குக் கொடுத்தது அது ஒன்றுதான் என்று ஆகிவிடும். தெரியாமல் இருக்க விடுங்கள்.

வான்-யூ


கீலுங்,
6 செப்டம்பர் 2022

வான்-யூ,

இனி உன்னை "நீங்கள்" என்று எழுத என்னால் முடியவில்லை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சோதனை முடிவு வந்துவிட்டது. அந்த நோய்தான். லான்லான் காலையும் மாலையும் மாத்திரை போடுகிறாள், கசப்பு என்று முகத்தைச் சுளித்துவிட்டு, புட்டிங் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். பள்ளியில் ஆசிரியருக்குச் சொல்லியாயிற்று. எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. உன்னிடம் ரத்தமோ கையெழுத்தோ இனி கேட்க எதுவுமில்லை. அதனால் இந்தக் கடிதத்தை நம்பலாம் நீ.

உன் மாமாவை நான் மருத்துவரிடம் கொடுத்துவிட்டேன் என்றாய். ஆமாம். அவர்தான் அவளைத் தண்ணீருக்குள் போகாமல் பிடித்துக்கொண்டார். எங்கள் தொண்ணூறு வயதுக் கிழவர்கள் அவளைத் திரும்பக் குளத்துக்குத்தான் அனுப்பியிருப்பார்கள்.

நீ கொடுத்தது அது ஒன்றுதான் என்றும் எழுதியிருந்தாய். கோபம் வந்தால் லான்லான் கத்த மாட்டாள். ஒரு மூலையில் போய் ஏதாவது புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், கூப்பிட்டால் காது கேட்காது. ரூ-பிங் கோபம் வந்தால் பாத்திரத்தை உடைப்பவள். நான் அழுபவள். எங்கிருந்து வந்தது இது என்று இரண்டு பேரும் பல வருடம் யோசித்தோம். உன் கடிதங்கள் வந்த பிறகு யோசிப்பதை விட்டுவிட்டோம்.

போய் எடுத்துக்கொள். பத்து நிமிடம்கூட ஆகாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடாதே.

நிலவுப் பண்டிகை வருகிறது. தன் மூலம் பொமேலோப் பழம் அனுப்ப முடியாது என்று யாங் அக்கா சொல்லிவிட்டார், கடிதம் மட்டும்தானாம். பழத்தோலைத் தொப்பிபோலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு லான்லான் நிற்கும் படத்தை அவளே வரைந்திருக்கிறாள், வைத்திருக்கிறேன்.

பெய்-லின்

வான்-யூ, நான் ரூ-பிங். எனக்கு எழுத வராது. ஓடுற எஞ்சினை நிறுத்தாமலே கோளாறு கண்டுபிடிக்கலாம், அதுதான் என் தொழில். நின்ன பிறகு கண்டுபிடிச்சு யாருக்கு லாபம். போயிட்டு வா.


தைனான்,
30 அக்டோபர் 2022

பெய்-லின் அக்காவுக்கும் ரூ-பிங் அக்காவுக்கும்,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். படம் கல்லாவுக்கு அருகில் இருக்கிறது. இது யார், பொமேலோவுக்குள் இருந்து எட்டிப் பார்க்கிற தவளையா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார்.

போன மாதக் கடைசியில் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் துங்காங்கிலிருந்து வந்து நின்றாள். கையில் உறையவைத்த மீன், பையில் கோயிலில் மந்திரித்த என் பழைய சட்டை. "அன்னிக்குப் போன்ல என்னமோ சொன்னியே, அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, ரெண்டு பேரும் போவோம். ஒண்ணுமில்லன்னு அவன் வாயால சொல்லட்டும்" என்றாள். மீனைக் கடை முதலாளியின் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனோம்.

மருத்துவர் இளைஞர். உங்கள் மருத்துவர் கேட்டதையே கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க வீட்டுல யாருக்கும் இல்ல" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். குரல் இறங்கியது. "தண்ணியில போனவங்கதான் ரெண்டு பேரு. அது வேற."

"இப்ப ஏன் திடீர்னு சந்தேகம்?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

"ஒரு தோழியோட பொண்ணுக்கு இருக்குன்னு தெரிஞ்சுது."

"தோழி பொண்ணுக்கா?" சிரித்தார். "அது கணக்குல வராதுங்க. ரத்த சொந்தமா இருந்தாத்தான்."

அம்மா தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நீங்கள் இருவரும் நினைவுக்கு வந்தீர்கள். உங்களுடையது இல்லாத ரத்தத்தை உங்களுடையது என்று யோசிக்காமல் சொன்னீர்கள். நான் என்னுடையதை இல்லை என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். இரண்டிலும் மாட்டிக்கொள்வது அதே குழந்தை.

"என் மகளுக்கு" என்றேன்.

"வயசு?"

"அஞ்சு முடியப்போகுது."

"யார் பாக்கறாங்க அவளை?"

"அவ அம்மாங்க பாத்துக்கறாங்க."

"அம்மாங்களா?"

"ரெண்டு பேரு."

"அப்ப நீங்க?"

"நான் பெத்தேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எனக்குக் குழப்பமா இருக்குங்க."

"எங்களுக்கும்தான் டாக்டர்" என்றேன்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எனக்கும் நீளம், அம்மாவுக்கும் நீளம். இருவருக்கும் மாத்திரை. அம்மா தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பிக்காக அழுகிறாளோ என்று நினைத்தேன். அவளோ, "அந்தப் புள்ளைக்கு நீச்சல் புடிக்குமா?" என்று கேட்டாள்.

"ரொம்பப் புடிக்குமாம். இப்ப விடமாட்டேங்கறாங்கன்னு கோபமாம்."

"அப்படியே உன் மாமன்தான்" என்றாள். மந்திரித்த சட்டையை என் மடியில் வைத்து, மாத்திரையையும் அதன் மேலேயே வைத்தாள்.

மகள் என்ற சொல்லை நான் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மருத்துவருக்குத் தேவையாக இருந்தது. இனி எனக்குத் தேவை வரும் என்று தோன்றவில்லை, அது உங்கள் இருவரிடமும் இருக்கட்டும். என்றாவது சட்டம் பெய்-லின் அக்காவைக் கையெழுத்துப் போட விட்டால், அன்று என்னை எதற்காவது கேட்டால், அவர் சித்தி இல்லை என்று நான் வந்து சொல்கிறேன்.

புத்தாண்டுக் கடிதம் வழக்கம்போலப் போதும், அதற்கு மேல் எனக்குப் பழக்கமில்லை. அதற்கு முன்பு ஒன்றை மட்டும் எழுதுங்கள்: லான்லான் காலையில் எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறாள்? நானும் அதே நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன்.

வான்-யூ